கையில் அரிவாள் வருவதற்கு முன்

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த மாணவர் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒருத்தன் எப்படி சார் கொலைகாரன் ஆகுதான்?" நான் படித்த புத்தகங்களில் இருந்து ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார். "அதில்ல சார். அவன் எங்கூட டியூசன் படிச்சவன். நல்லாத்தான் இருந்தான். எனக்குப் பரோட்டாலாம் வாங்கிக் குடுத்திருக்கான்."

எந்த வழக்கு, எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. இந்த மாவட்டத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பரோட்டா என் மனதை விட்டுப் போகவில்லை. நண்பனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்த கைதான் இன்னொருவனை வெட்டுகிறது. அது எப்படி என்பதுதான் கேள்வி. பிறவியிலேயே மிருகமாக இருப்பவன் வெட்டினால் நாம் இப்படிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டியதில்லை.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தில் இருந்து கேடிசி நகர் பக்கம்தான். 2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. ஏரல் பக்கத்தைச் சேர்ந்த, சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த 27 வயது தலித் இளைஞர், தாத்தாவை ஒரு சித்த மருத்துவமனைக்கு அழைத்து வந்த இடத்தில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பழகிய பெண்ணின் தம்பிதான் குற்றம்சாட்டப்பட்டவர். அந்தப் பையனின் தாயும் தந்தையும் காவல்துறையில் உதவி ஆய்வாளர்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. கொலை செய்தவர்களின் பெயரை நான் மேடையில் சொல்வதும் இல்லை. இன்ஸ்டாகிராம் அவர்களுக்குப் போதுமான விளம்பரம் கொடுக்கிறது. வெட்டுப்பட்டவர்களின் பெயர்கள் உங்களுக்கே தெரியும். அவர்களில் சிலர் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். அந்த ஒரு நாளோடு சேர்த்தே அவர்களை வாழ்நாள் முழுக்கக் கூப்பிட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் நமக்குத் தயாராக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, கஞ்சா, சினிமா, செல்போன். காவல்துறை இதோடு "முன்விரோதம்" என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளும். கஞ்சா இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கஞ்சா அடித்தவன் ஏன் தன் சொந்தத் தெருக்காரனை விட்டுவிட்டு, நாலு தெரு தள்ளிப் போய், ஒரு குறிப்பிட்ட வீட்டுக் கதவைத் தட்டுகிறான்? போதைக்கு இவ்வளவு துல்லியமாக முகவரி தெரியாது.

இன்னொரு பதில், ரத்தம். "அவனுக ரத்தத்திலேயே ஊறுனது சார் அது." இதைத் திட்டாகவும் சொல்கிறார்கள், பெருமையாகவும் சொல்கிறார்கள். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் நான் பிறந்ததே அந்தச் சாதிகளில் ஒன்றில்தான்.

வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் கொண்டுவந்தான். 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென்மாவட்டங்களில் கள்ளர், மறவர் சாதிகளின் பல பிரிவுகள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒரு குழந்தை பிறக்கும்போதே குற்றவாளி. வளர்ந்தால் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஆஜர் கொடுக்க வேண்டும். இதை எதிர்த்து நின்றதற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. "நீ பிறவியிலேயே கொலைகாரன்" என்ற பொய்யை எதிர்த்துச் செத்தவர்கள் அவர்கள். இன்றைக்கு அதே பொய்யைச் சாதிச் சங்கங்கள் எடுத்து, பொட்டு வைத்து, பூ வைத்து, "வீரப் பரம்பரை", "எங்க ரத்தம் சூடு" என்று ஃபிளெக்ஸ் அடித்துப் பேருந்து நிலையத்தில் கட்டுகின்றன. வெள்ளைக்காரன் கொடுத்த வசவு நமக்குப் பட்டமாகிவிட்டது. பெருங்காமநல்லூருக்கு மாலை போடப் போகிறவர்களே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. என் வீட்டிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பெரியப்பா ஒருவரைக் கொலை செய்தவர். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளையும் வயல்கள். 1972இல் எனக்கு ஒன்பது வயது. எங்கள் வயலுக்கு அடுத்தாற்போல் கோயில் நிலம் கொஞ்சம் இருந்தது. அதைக் கீழத்தெருவில் இருந்து ஒருவர் பாட்டத்துக்கு எடுத்தார். அதுவரை அந்தத் தெருக்காரர்கள் எங்கள் வயல்களில் நடவு நட்டார்கள், அறுத்தார்கள், களத்தில் கூலி நெல்லுக்குக் காத்து நின்றார்கள். முதல்முறையாக ஒருவர் மடைக்கு வந்து, "இன்னைக்கு எம் முறை, தண்ணியத் திருப்பி விடுங்க" என்று சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. கெட்ட வார்த்தை இல்லை, கைகலப்பு இல்லை. முறை என்றார். முறைப்படி அது அவருடைய முறைதான்.

பெரியப்பா அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. தண்ணீரைத் திருப்பி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். நான் இதை அழுத்திச் சொல்கிறேன். கோபத்தில் கண் மண் தெரியாமல் வெட்டிவிட்டான் என்று சொல்கிறோமே, அப்படி இல்லை. அதற்குப் பிறகு பதினைந்து இருபது நாட்கள் ஆனது. அந்த நாட்களில்தான் அவர் கொலைகாரர் ஆனார். டீக்கடையில் ஒருவர் கேட்டார், "என்ன மாப்ள, இப்ப அவுக குடுத்தாத்தான் ஒங்களுக்குத் தண்ணியாமே?" கோயில் கொடை வரிப் பேச்சில் யாரோ சிரித்தார்கள். எங்கள் ஆச்சி திண்ணையில் இருந்துகொண்டு, "ஒங்க அய்யா இருந்தா இந்தக் கூத்து நடக்குமா" என்றாள். ஆச்சி என்னை மடியில் வைத்து வளர்த்தவள். எறும்புக்கு அரிசிமாவு போடுகிறவள். அவள் யாரையும் கொல்லச் சொல்லவில்லை. டீக்கடைக்காரரும் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. கடைசியில் எங்கள் பெரியப்பா கையில் அரிவாள் இருந்தது, அந்த மனிதர் வரப்பில் கிடந்தார்.

பெரியப்பா பாளையங்கோட்டை சிறையில் ஒன்பது வருடம் இருந்தார். திரும்பி வந்தபோது ஊரே எழுந்து நின்றது. கொடையில் அவருக்கு முதல் மரியாதை. பெரியம்மா அந்த ஒன்பது வருடமும் பீடி சுற்றித்தான் மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றினாள். இரண்டு பேர் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுந்து நின்ற ஊர் ஒரு பிள்ளைக்கும் நோட்டு வாங்கிக் கொடுக்கவில்லை.

அந்த மடையைப் பற்றி யோசித்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. தண்ணீர் பற்றாக்குறையால் நடந்த கொலை இல்லை அது. தாமிரபரணிப் பாசனத்தில் அந்த வருடம் தண்ணீருக்குக் குறைவே இல்லை. ஒருவர் சமமாக வந்து நின்றார், அதுதான் பிரச்சினை. நம் பக்கத்தில் நடந்த வழக்குகளை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர். நன்றாகப் படிக்கிறவர், ஆசிரியர்களுக்குப் பிடித்தவர். கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்கள் கொடுத்த தொல்லையால் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். காரணம் கேட்டார்கள், சொன்னார், புகார் ஆனது. அன்று இரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதைப் பார்த்த உறவினர் ஒருவர் அதிர்ச்சியில் விழுந்து இறந்தே போனார். அந்த மாணவர் பிறகு கை தேறி, தேர்வு எழுதி 600க்கு 469 எடுத்தார். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவரை இறக்கி விரல்களை வெட்டினார்கள். அதற்கு முன்னால் நடந்த ஒரு கபடிப் போட்டியில் அவருடைய அணி ஜெயித்திருந்தது. கேடிசி நகரில் கொல்லப்பட்டவர் படிப்பிலும் சம்பளத்திலும் எவருக்கும் குறையாதவர்.

கொஞ்சம் வடக்கே, கொஞ்சம் பின்னால் போனால், 1957 செப்டம்பர் 10. முதுகுளத்தூர் கலவரத்தை ஒட்டி நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில் தேவேந்திர குல மக்களின் பிரதிநிதியாக இம்மானுவேல் சேகரன் போய் உட்கார்ந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டார்.

நன்றாகப் படித்தவர், விளையாட்டில் ஜெயித்தவர், நல்ல வேலைக்குப் போனவர், பேச்சுவார்த்தையில் எதிரே உட்கார்ந்தவர். குனிந்து நின்றவரை எவனும் வெட்டுவதில்லை, அவரை வேலை வாங்குவான். வறுமையால், வேலையின்மையால் இளைஞர்கள் கொலைக்குப் போகிறார்கள் என்று நம் தோழர்களே எழுதுகிறார்கள். ஓரளவு உண்மைதான். எங்கள் சாதிப் பையன்களில் பலருக்கு நிலமும் இல்லை, படிப்பும் ஏறவில்லை, வேலையும் இல்லை. மிச்சம் இருப்பது "நான் உன்னைவிட மேல்" என்ற ஒரே சொத்து. எதிர்த் தெருப் பையன் பைக்கில் போவதும், சென்னையில் சம்பாதிப்பதும், மார்க் எடுப்பதும் அந்தச் சொத்தில் இருந்து பிடுங்குவதாக அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. ஆனால் வறுமை மட்டும் கொலை செய்யும் என்றால் கீழத்தெருக்காரர்கள்தான் முந்நூறு வருடமாக எங்களைக் கொன்றுகொண்டு இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பாடம் எங்கே நடக்கிறது? வீட்டில், டீக்கடையில், கொடையில் என்று சொன்னேன். என் தொழிலை விட்டுவிட்டால் நியாயமாக இருக்காது. முப்பது வருடத்துக்கு மேல் நான் இந்த மாவட்டத்தில் வரலாறு நடத்தினேன். பிள்ளைகள் கையில் கயிறு கட்டி வருவதைப் பார்த்தேன். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிறச் சேர்க்கை. கேட்டால், "சாமிக்குக் கட்டுனது சார்." பேருந்தில் புதுப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "எந்த ஊரு?" அடுத்த கேள்வி, "எந்தத் தெரு?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் இருந்து அவன் உட்கார்ந்திருக்கலாமா கூடாதா என்று முடிவாகும். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றதை நான் அதே பேருந்தில் இருந்து பார்த்தேன். எழுந்தவனும் என் மாணவன், எழுப்பியவனும் என் மாணவன். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மறுநாள் தலைமை ஆசிரியரிடம் சொன்னபோது, "நமக்கு எதுக்கு சார் வம்பு, ஊருக்குள்ள பேசி முடிச்சுக்குவாங்க" என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அந்த எழுப்பிய பையன் அன்றைக்கு என்னிடமும் ஒரு பாடம் படித்தான். சார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை என்ற பாடம்.

2019 ஜூலை கடைசியில் பள்ளிக்கல்வித் துறையில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சாதிக் கயிறு கட்டும் பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்று. உடனே மதத்தின் பெயரால் எதிர்ப்பு கிளம்பியது. தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்று அமைச்சரே சொல்லிவிட்டார். சுற்றறிக்கை அதோடு அடங்கிப்போனது. நான்கு வருடம் கழித்து, நான் ஓய்வுபெற்ற சில மாதங்களில், நாங்குநேரி. அதற்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூன் மாதம் அவர் கொடுத்த அறிக்கை 610 பக்கம். கயிறு, நெற்றிப் பொட்டு, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி, வகுப்பில் உட்கார வைக்கும் முறை, ஆசிரியர் இடமாற்றம் என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார். நீங்கள் ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர்களாக இருந்தால் அதைப் படியுங்கள். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் மேல் வைத்த குற்றப்பத்திரிகையாகவும் நான் அதைப் படித்தேன்.

இப்போது கொஞ்சம் வெளியே போய் வருவோம். கிறிஸ்டோபர் பிரௌனிங் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1992இல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பே 'சாதாரண மனிதர்கள்' என்ற பொருளில்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் 101ஆம் பட்டாலியன். சுமார் 500 பேர். பெரும்பாலும் ஹாம்பர்க் நகரத்துக்காரர்கள், குடும்பஸ்தர்கள், நடுவயது. துறைமுகத்தில் சுமை தூக்கியவர், லாரி ஓட்டியவர், குமாஸ்தா, இப்படி. 1942 ஜூலை 13 அன்று போலந்தில் யுசெஃபுஃப் என்ற ஊரில் இருந்த யூதர்களைக் கொல்ல இவர்களுக்கு உத்தரவு வந்தது. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் உட்பட. இவர்களுடைய தளபதி கண்ணீரோடு ஒரு விஷயம் சொன்னார். முடியாது என்று நினைக்கிற மூத்தவர்கள் வரிசையில் இருந்து விலகிக்கொள்ளலாம், தண்டனை கிடையாது. விலகியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அந்த நேரத்தில் ஒரு பன்னிரண்டு பேர். அன்று சாயங்காலத்துக்குள் சுமார் 1,500 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

மற்றவர்கள் ஏன் விலகவில்லை? பிரௌனிங் விசாரணை ஆவணங்களைப் படித்துவிட்டுச் சொல்லும் காரணங்களில் முக்கியமானது, பக்கத்தில் நின்றவனின் பார்வை. கோழை என்று நினைப்பான். தான் செய்ய வேண்டிய வேலையை மற்றவன் தலையில் கட்டிவிட்டுப் போகிறான் என்று நினைப்பான். மனிதனைச் சுடுவதைவிடத் தன் கூட்டத்தில் இருந்து விலகி நான்கு அடி நடப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. இதைப் படித்தபோது எங்கள் ஊர் டீக்கடைதான் எனக்கு ஞாபகம் வந்தது. "என்ன மாப்ள?" என்ற அந்தச் சிரிப்பு.

ஹாம்பர்க் வரை போக வேண்டியதும் இல்லை. 1999 ஜூலை 23, இதே தாமிரபரணிக் கரை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தவர்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. ஆற்றுக்குள் இறங்கியவர்களைக் கரையேற விடாமலும் அடித்தார்கள். 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தை ஒன்றும் அதில். 'நதியின் மரணம்' ஆவணப்படத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். தடியோடு கரையில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தேயிலைத் தொழிலாளிகள் மேல் சொந்தப் பகை இருந்திருக்கும்? பக்கத்தில் நிற்பவன் அடிக்கிறான், நானும் அடிக்கிறேன். தண்ணீருக்குள் இருப்பவர்கள் கேட்க நாதியற்றவர்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஆணவக் கொலைகளில் இந்தப் பார்வை இன்னும் கொடூரமாக வேலை செய்கிறது. பெண் யாரைக் கட்ட வேண்டும் என்பதில்தான் சாதி உயிரோடு இருக்கிறது என்பதை 1916லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவராக இருந்து அம்பேத்கர் கட்டுரையாக வாசித்தார். அகமணம் உடைந்தால் சாதி இல்லை. அப்படியென்றால் சாதியின் எல்லைக்கல் பெண்ணின் உடம்பு. அதற்குக் காவல்காரனாக நியமிக்கப்படுகிறவன் தம்பி, அண்ணன், மாமன் மகன். இருபது வயதுப் பையனிடம் போய், "ஒங்க அக்கா யார் கூடப் பேசுதான்னு தெரியுமா? நீயெல்லாம் ஆம்பளையால?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவனுக்கு நாற்பது வயது இருக்கும், அவன் எந்த வழக்கிலும் சிக்க மாட்டான். பையனுக்கு அக்காவின் சந்தோஷம் முக்கியமா, தெருவின் பார்வை முக்கியமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. அக்கா ஒரு மனுஷி என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவள் குடும்ப மானம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. அதே வீட்டில், அதே சோறு தின்று வளர்ந்த பெண் வேறு மாதிரி முடிவெடுக்கிறாள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில் கணவர் சங்கரைக் கண் முன்னால் பறிகொடுத்த கௌசல்யா, தன்னைப் பெற்றவர்களுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வளர்ப்புதான் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். ஹாம்பர்க்காரர்களில் பன்னிரண்டு பேர் விலகினார்கள் அல்லவா? விலகலாம். எங்கள் பெரியப்பாவும் விலகியிருக்கலாம். அவர் செய்ததற்கு அவர்தான் பொறுப்பு. டீக்கடைக்காரர் சிரித்தார் என்பதற்காகப் பெரியப்பாவின் கையில் இருந்த ரத்தம் குறையாது. தண்டனை வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆணவக் கொலையைத் தடுக்க 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 அக்டோபரில் தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை தர நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. சட்டம் வரட்டும். வெட்டியவனோடு நின்றுவிடாமல், தூண்டியவனையும் கூட்டம் போட்டுப் பேசியவனையும் தொடுகிற சட்டமாக வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

பழிக்குப் பழி பற்றி ஒரு வார்த்தை. 2021 செப்டம்பரில் கோபாலசமுத்திரம் பக்கம் இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு கொலைகள், இரண்டு தலைகள். 2024 டிசம்பர் 20 அன்று நெல்லை நீதிமன்ற வாசலிலேயே வழக்குக்கு வந்த இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார், அதற்கும் முன்னால் ஒரு கொலை இருந்தது. "ரெண்டு பக்கமும்தான் வெட்டிக்கிடுதாங்க" என்று சொல்லும் நடுநிலை எனக்கு ஒத்துக்காது. சாதிப் படிக்கட்டில் மேலே நின்று வெட்டுவதும் கீழே இருந்து திருப்பி வெட்டுவதும் ஒன்றில்லை. ஆனால் அந்தக் கணக்குப் புத்தகம் இரண்டு தெருவிலும் பிள்ளைகளைத் தின்கிறது. என் மாணவர் ஒருவர் அப்படி ஒரு வழக்கில் இருக்கிறார். நீதிமன்ற வராண்டாவில் அவருடைய அம்மாவைப் பார்த்தேன். கைதான வாரத்தில் வக்கீல் செலவுக்குப் பணம் கொண்டுவந்து கொடுத்த சங்கத்துக்காரர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. கம்மலை அடகு வைத்துவிட்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் டவுன் பஸ்ஸில் வருகிறார். பையனின் படத்துக்குப் பாட்டுப் போட்டு ரீல்ஸ் போட்டவர்களுக்கு அடுத்த வாரமே வேறு படம் கிடைத்துவிட்டது.

பெரியப்பா சாவதற்கு முந்தைய வருடம், கை கால் விழுந்து கட்டிலில் கிடந்தபோது, ஒருநாள் தானாகப் பேசினார். "அன்னைக்கு ராத்திரி எங்கிட்டு ஒளிஞ்சிருந்தேன் தெரியுமால? நம்ம சொந்தக்காரங்க வீட்டுல. கோழி அடிச்சுக் கொழம்பு வச்சாங்க. நல்லாச் சாப்ட்டேன்." பிறகு ரொம்ப நேரம் ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அவம் வீட்டுல என்ன செஞ்சாங்கன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல."

நான் கேட்டிருக்கலாம். அந்த மனிதரின் பேத்தி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தாள். பெயர்ப்பட்டியலில் தாத்தா பெயரைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது, "அந்தப் பய" தான். பெயரை நான் வழக்குத் தீர்ப்பின் நகலில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். உள்ளூர் வரலாறு எழுதி வரச் சொன்ன ஒரு நாளில் அந்தப் பெண் என்னிடம் வந்து, "எங்க தாத்தா பயிர் வச்ச வயலு எங்க இருக்குன்னு ஆச்சி காட்டவே மாட்டா சார், அதனால எழுதல" என்றாள். அந்த வயல் எனக்குத் தெரியும். எங்கள் வயலுக்கு அடுத்தது. "பரவால்லம்மா, வேற எழுது" என்று சொல்லி அனுப்பினேன்.

கேடிசி நகர்க் கொலைக்குப் பிறகு, பல வருடம் கழித்து, அவளுடைய எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "தெரியும் சார்" என்றாள். "பத்தாங்கிளாஸ்லயே தெரியும்." அப்புறம், "ஆச்சிக்கு இப்போ கண்ணு தெரியாது. எனக்கு ஒரு நாள் அந்த வயலக் காட்டுங்க" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். சேரன்மகாதேவி பேருந்து நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.